வீட்டுத் தோட்டத்தில் செஸ்நட்: கன்று எங்கிருந்து வந்தது?

வறுத்தும் வேகவைத்தும் தின்னும் கொட்டை தரும் மரம் செஸ்நட். அதை வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் மண் எப்படி இருக்க வேண்டும், உரம் என்ன, எத்தனை வருடத்தில் காய்க்கும் என்றுதான் வழக்கமாகக் கேட்கிறார்கள். மூன்றுக்கும் பதில் எளிது, கீழே வருகிறது. ஆனால் அமெரிக்காவின் கிழக்கு மாநிலங்களிலோ கனடாவின் தென் ஒன்டாரியோவிலோ வீட்டுக் கொல்லையில் இந்த மரத்தை வைக்க நினைப்பவர் அதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. கையில் இருக்கும் கன்றின் பூர்வீகம் என்ன?

இது வீண் கேள்வி இல்லை. ஒரு கண்டத்தின் காடுகளைக் காலி செய்த நோய் உள்ளே வந்ததே தோட்டத்துக்கென்று ஆசையாக வாங்கிய கன்றுகளோடுதான். அதே மரம் பெருங்கூட்டமாக மிஞ்சிய ஓர் இடமும் ஒரு விவசாயி தன் நிலத்தில் நட்டு வைத்ததுதான். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், இன்று நம் வீட்டில் எதை நடலாம், எதை நடக்கூடாது என்பது ஓரளவு தெளிவாகும்.

(சென்னை, மதுரை, யாழ்ப்பாணம் என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம். குளிர்காலத்தில் இலையுதிர்த்து உறங்கி, வசந்தத்தில் துளிர்க்க வேண்டிய மரம் இது. நம் சமவெளி வெயிலில் அதற்கு வேலையில்லை.)

ஃப்ளஷிங்கில் வந்திறங்கிய கன்றுகள்

அமெரிக்கச் செஸ்நட்டின் தாவரப் பெயர் காஸ்டானியா டென்டாட்டா. மேய்ன் மாநிலத்தில் தொடங்கி அப்பலாச்சிய மலைத்தொடர் நெடுகிலும் ஜார்ஜியா, அலபாமா வரை பரவியிருந்தது. 30 மீட்டர் உயரம் போகும். அப்பலாச்சியாவின் சில பகுதிகளில் நான்கு மரத்துக்கு ஒன்று செஸ்நட் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. கட்டை எளிதில் மக்காது என்பதால் வேலிக் கம்பு, தந்திக் கம்பம், தண்டவாளத்துக்கு அடியில் போடும் கட்டை எல்லாம் இதுதான். தோல் பதனிடும் டானின் இதிலிருந்து எடுத்தார்கள். இலையுதிர் காலத்தில் கொட்டை உதிரும்போது மலைக் குடும்பங்கள் பன்றிகளைக் காட்டுக்குள் அவிழ்த்து விட்டுவிடும். மிச்சத்தைப் பொறுக்கி மூட்டை கட்டினால், ரயிலேறி நியூயார்க், பிலடெல்பியா தெருக்களில் வறுபடும்.

இவ்வளவு இருந்தும் தோட்டக்காரர்களுக்குத் திருப்தியில்லை. உள்ளூர்க் கொட்டை இனிப்பு, ஆனால் சிறியது. மரமோ வீட்டையே மறைக்கும் அளவு பெரியது. ஜப்பானியச் செஸ்நட்டில் எல்லாம் தலைகீழ்: கொட்டை பெரிது, மரம் சிறிது, சீக்கிரமே காய்ப்புக்கு வரும். 1876இல் நியூயார்க் நகரை ஒட்டிய ஃப்ளஷிங்கில் நாற்றுப்பண்ணை நடத்திய சாமுவேல் பார்சன்ஸ் அதை ஜப்பானிலிருந்து வரவழைத்தார். 1880களில் கலிஃபோர்னியாவில் லூதர் பர்பாங்க் ஜப்பானிய விதைகளிலிருந்து ஆயிரக்கணக்கான நாற்றுகளை எழுப்பி, தேறியவற்றை விற்றார். விலைப்பட்டியலைப் பார்த்து அஞ்சலில் கன்று வாங்கும் பழக்கம் அப்போது உச்சத்தில் இருந்தது. அப்படித்தான் இந்த மரம் மாநிலம் மாநிலமாகப் போய்ச் சேர்ந்தது.

ஜப்பானிய, சீன மரங்கள் ஒரு பூஞ்சையோடு காலங்காலமாகச் சேர்ந்து வாழ்ந்து பழகியவை. பட்டையில் அது இருந்தாலும் மரம் சாவதில்லை. வெளியே பார்த்தால் ஆரோக்கியமான கன்றுதான். வாங்கியவருக்கும் தெரியாது, விற்றவருக்கும் தெரியாது. யாரையும் குற்றம் சொல்லவும் முடியாது, ஏனென்றால் வெளிநாட்டுச் செடியைத் தடுத்து நிறுத்திச் சோதிக்கும் சட்டமே அன்று அமெரிக்காவில் இல்லை. அது 1912இல்தான் வந்தது. வரக் காரணமானவற்றில் செஸ்நட்டின் சாவும் ஒன்று.

1904: பிராங்ஸ் விலங்குக் காட்சி சாலை

நியூயார்க் நகரிலுள்ள இந்தக் காட்சி சாலையின் தலைமை வனக்காப்பாளர் ஹெர்மன் மெர்க்கெல் 1904 கோடையில் சில செஸ்நட் மரங்கள் வாடுவதைக் கவனித்தார். கிளையில் பட்டை வெடித்திருந்தது, அதற்கு மேலே இலைகள் காய்ந்து தொங்கின. அடுத்த ஆண்டுக்குள் வளாகத்தின் செஸ்நட் மரங்கள் கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் அது தெரிந்தது. நோய் பிடித்த கிளைகளை வெட்டினார், போர்டோ கலவை என்ற பூஞ்சைக்கொல்லியை அடித்தார். பயனில்லை. பக்கத்திலிருந்த நியூயார்க் தாவரவியல் பூங்காவின் பூஞ்சையியல் அறிஞர் வில்லியம் முரில், பட்டையிலிருந்து பூஞ்சையைத் தனியே பிரித்து வளர்த்து, நல்ல மரத்தில் செலுத்தி, அதே நோய் வருவதைக் காட்டினார். 1906இல் அதற்குப் பெயரும் வைத்தார். பெயர் பின்னால் இரண்டு முறை மாறி, இன்று கிரைஃபோனெக்ட்ரியா பாராசிட்டிகா.

வீட்டில் மரம் வைப்பவர் இந்தப் பூஞ்சையின் வேலைமுறையைத் தெரிந்துகொள்வது நல்லது. நல்ல பட்டையைத் துளைத்துக்கொண்டு போக அதற்குச் சக்தி கிடையாது. காயம் வேண்டும். பூச்சி துளைத்த ஓட்டை, கிளையோடு கிளை உரசிய இடம், கத்தி பட்ட வெட்டு, எதுவானாலும் போதும். உள்ளே போனதும் பட்டைக்கும் கட்டைக்கும் நடுவிலுள்ள உயிர்ப்படலத்தில் விசிறி விரித்தாற்போலப் படர்கிறது. முன்னால் ஆக்சாலிக் அமிலத்தைச் சுரந்து மரத்தின் உயிரணுக்களைக் கொல்கிறது, பின்னால் வந்து தின்கிறது. புண் தண்டைச் சுற்றி வளைத்துவிட்டால் அதற்கு மேலே உள்ள பகுதி சாகும். பட்டையின் மேல் ஆரஞ்சு நிறப் பொட்டுகள் கிளம்பும். காய்ந்த இலை உதிராமல் கிளையிலேயே நிற்கும். புண்ணுக்குக் கீழே புதுத்துளிர் கொத்தாக வெடிக்கும். இந்த மூன்றும் சேர்ந்து தெரிந்தால் சந்தேகப்பட வேண்டியதில்லை.

பரவும் வழிகளும் இரண்டு. பூஞ்சை பரவ உதவும் நுண்வித்துகளில் (ஸ்போர்) ஒரு வகை பிசுபிசுப்பானது: மழைநீரிலும், பூச்சியின் உடம்பிலும், பறவையின் காலிலும் ஒட்டிப் போகும். ஒரே மரங்கொத்தி லட்சக்கணக்கில் சுமந்து திரிந்ததை அந்தக் காலத்திலேயே எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். இன்னொரு வகை காற்றில் பறக்கும். பென்சில்வேனியா அரசு 1911இல் 2,75,000 டாலர் ஒதுக்கி, செஸ்நட் நோய் ஆணையம் ஒன்றை அமைத்து, நோய் கண்ட மரங்களைத் தேடித் தேடி வெட்டியது. மரங்கொத்திக்கும் காற்றுக்கும் எதிராகக் கோடாரி என்ன செய்யும்? 1913இல் ஆணையத்தை மூடிவிட்டார்கள். வேகமான ஆண்டுகளில் நோய் 50 மைல் வரை முன்னேறியது. 1950 வாக்கில் இயற்கை எல்லை முழுவதும் முடிந்துபோயிருந்தது. மடிந்தவை 300 முதல் 400 கோடி மரங்கள் என்பது மதிப்பீடு.

பூஞ்சையின் ஊர் எது என்று உறுதியானதும் 1913இல்தான். அமெரிக்க வேளாண் துறைக்காகச் சீனாவில் செடி தேடி அலைந்துகொண்டிருந்த ஃபிராங்க் மேயர், அங்கே சீனச் செஸ்நட்டின் பட்டையில் அதே பூஞ்சையைக் கண்டு மாதிரி அனுப்பினார். வீட்டுத் தொட்டியில் மேயர் எலுமிச்சை வைத்திருப்பவர்களுக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்கும். அதே மேயர்தான்.

ஒன்றைத் திருத்திச் சொல்ல வேண்டும். மரங்கள் செத்தன என்றேன், வேர்கள் சாகவில்லை. மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் இந்தப் பூஞ்சையை வளர விடுவதில்லை என்பதால் தரைக்குக் கீழே மரம் உயிரோடு இருக்கிறது. அடித்தூரிலிருந்து புதுத்தளிர் வரும், சில ஆண்டு வளரும், பட்டை வெடிக்கும் பருவம் வந்ததும் நோய் பிடிக்கும், சாகும், மறுபடி தளிர்க்கும். அப்பலாச்சியக் காடுகளில் இன்றும் இதுதான் நடக்கிறது. பூக்கும் வயதை எட்டுபவை மிகச் சில. பூஞ்சையோ சில ஓக் மரங்களில் அவற்றைக் கொல்லாமலேயே குடியிருக்கிறது. செஸ்நட்டே இல்லாத ஊரில் நட்டால் தப்பிக்கலாம் என்ற கணக்கு இதனால்தான் உதவுவதில்லை.

வெஸ்ட் சேலம்: ஒரு விவசாயியின் பத்து மரம்

தப்பித்த கணக்கும் ஒன்று உண்டு, ஆனால் அது அன்றைய தூரத்தின் தயவு. விஸ்கான்சின் மாநிலம் லா கிராஸ் வட்டாரத்தில் வெஸ்ட் சேலம் என்ற சிற்றூர். செஸ்நட்டின் இயற்கை எல்லைக்கு வெகுதூரம் மேற்கே. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே குடியேறிய மார்ட்டின் ஹிக்ஸ் என்ற விவசாயி, அமெரிக்கச் செஸ்நட்டை ஏறத்தாழ பத்து மரம் அளவுக்கு நட்டார். மண் நல்ல வடிகால் உள்ள மணற்பாங்கு. மரங்கள் பிடித்துக்கொண்டன, காய்த்தன, அணில்களும் பறவைகளும் விதையைப் பக்கத்து மேட்டுக்கெல்லாம் கொண்டு போயின. கிழக்கே கோடிக்கணக்கில் செத்துக்கொண்டிருந்தபோது இங்கே பத்து மரம் தோப்பாகி, தோப்பு காடாகி, இரண்டாயிரத்துக்கு மேல் பெருகியது. உலகிலேயே மிகப் பெரிய அமெரிக்கச் செஸ்நட் கூட்டம் என்று பெயர் வந்தது, அதுவும் இயற்கையாக அது வளராத இடத்தில்.

1987இல் அங்கேயும் நோய் தெரிந்தது. யார் காலில், எந்தப் பறவையில், எந்தக் கன்றில் வந்தது என்று சொல்ல வழியில்லை. முதலில் நோய் மரங்களை வெட்டி அப்புறப்படுத்திப் பார்த்தார்கள். நிற்கவில்லை. 1992இல் வேறு வழிக்கு வந்தார்கள், பூஞ்சைக்கே நோய் கொடுப்பது என்று.

அந்த யோசனை இத்தாலியிலிருந்து வந்தது. ஐரோப்பாவில் இதே நோய் 1938இல் ஜெனோவா அருகே தென்பட்டது. எல்லாரும் ஐரோப்பியச் செஸ்நட்டின் கதையும் முடிந்தது என்றே நினைத்தார்கள். 1950களின் தொடக்கத்தில் அன்டோனியோ பிராகி என்ற அறிஞர் சில மரங்களில் புண் ஆறிக்கொண்டிருப்பதைப் பார்த்தார். பட்டை வீங்கியிருந்தது, ஆனால் மரம் வாடவில்லை. பிரான்சின் ழான் கிராந்த் 1960களில் அந்தப் புண்களிலிருந்து எடுத்த பூஞ்சை வெளிறியும் வீரியம் குறைந்தும் இருப்பதைக் கண்டார். காரணம் பூஞ்சைக்குள் குடிபுகுந்த ஒரு வைரஸ் என்பது பின்னால் தெளிவாயிற்று. வைரஸ் பிடித்த பூஞ்சை மரத்தைக் கொல்லும் அளவுக்கு வலுவில்லாமல் போகிறது, மரம் புண்ணைச் சுற்றிப் புதுப்பட்டை கட்டிக்கொள்கிறது. ஐரோப்பாவின் பல பகுதிகளில் செஸ்நட் தோப்புகள் பிழைத்தது இப்படித்தான்.

வெஸ்ட் சேலத்தில் வைரஸ் ஏற்றிய பூஞ்சையைப் புண்களின் ஓரத்தில் துளையிட்டு வைத்தார்கள். பலன் கலவையாக இருந்தது. வைத்த புண்கள் பல ஆறின. மருந்து வைத்த மரத்தின் வேறு புண்களுக்கும் வைரஸ் போய்ச் சேர்ந்தது. ஆனால் மரத்திலிருந்து மரத்துக்கு அது தாவிய வேகம், நோய் தாவிய வேகத்தை எட்டவில்லை. பெரிய மரங்கள் பல விழுந்தன.

இத்தாலியில் பலித்தது இங்கே ஏன் முழுசாகப் பலிக்கவில்லை? இரண்டு காரணம் சொல்கிறார்கள். வைரஸ் தானாகக் காற்றில் பரவாது. ஒரு பூஞ்சை இழை இன்னொரு பூஞ்சை இழையோடு இணைந்தால்தான் கடக்கும். அப்படி இணைய இரண்டும் ஒத்துப்போகும் வகையாக இருக்க வேண்டும். ஐரோப்பாவில் வகைகள் குறைவு, அமெரிக்காவில் அதிகம். வெஸ்ட் சேலத்தில் தொடக்கத்தில் ஒரே வகைதான் இருந்தது, அதனால்தான் நம்பிக்கையோடு இறங்கினார்கள். பிறகு வேறு வகைகளும் வந்து சேர்ந்துவிட்டன. இரண்டாவது காரணம் மரம்: ஐரோப்பியச் செஸ்நட்டுக்குக் கொஞ்சமாவது தாக்குப்பிடிக்கும் குணம் உண்டு, அமெரிக்கச் செஸ்நட்டுக்கு அது கிட்டத்தட்ட இல்லை.

ஹிக்ஸின் கதையை மரப் பிரியர்கள் வீரக்கதையாகச் சொல்வதுண்டு. எனக்கு அதில் அவ்வளவு உடன்பாடில்லை. அவர் எதையும் காப்பாற்ற நினைத்து நடவில்லை. ஆனால் அவர் மரங்களுக்குக் கிடைத்த நூறாண்டு ஓய்வுக்குக் காரணம் பக்கத்தில் வேறு செஸ்நட் வராததுதான். அந்த வசதி இப்போது யாருக்கும் இல்லை. பெருங்கடைகளின் தோட்டப் பிரிவிலேயே செஸ்நட் கன்று விற்கிறார்கள்.

அப்படியானால் எதை நடுவது

கிழக்கு அமெரிக்காவில் வீட்டுத் தோட்டத்துக்கு என் முதல் பரிந்துரை சீனச் செஸ்நட். நோய் பிடித்தாலும் பெரும்பாலும் தாங்கும், 12 முதல் 18 மீட்டருக்குள் பரந்து நிற்கும், கொட்டை பெரிது, உள்தோல் எளிதில் உரியும். ஆபர்ன் பல்கலைக்கழகம், அமெரிக்க வேளாண் துறை ஆகியவை வெளியிட்ட தேர்ந்த வகைகள் உண்டு. விதைக்கன்றாக வாங்கினால் ஐந்து முதல் எட்டு ஆண்டுகளில் காய்க்கும், ஒட்டுக்கன்று அதற்கும் முன்னால். ஆனால் செஸ்நட்டில் ஒட்டு சில ஆண்டு கழித்துத் திடீரென்று பொருந்தாமல் போய்ப் பிரிவதுண்டு. அதனால் நல்ல தாய்மரத்தின் விதைக்கன்றே பல வீடுகளுக்குப் பாதுகாப்பானது.

டன்ஸ்டன் என்ற பெயரில் விற்பவை நிறைய. வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோவில் இருந்த ராபர்ட் டன்ஸ்டன், ஒஹாயோவில் நோய்க்குத் தப்பி நின்ற ஓர் அமெரிக்க மரத்தின் கிளையை வாங்கிச் சீன வகைகளோடு கலந்து உருவாக்கிய வரிசை இது. பிறகு ஃபுளோரிடாவின் அலாச்சுவாவுக்கு மாறினார். நல்ல மரம், நன்றாகக் காய்க்கும். ஆனால் வளர்ந்தபின் பார்த்தால் சீன மரத்தின் உருவம்தான். அமெரிக்கச் செஸ்நட்டைத் திரும்பக் கொண்டுவருகிறோம் என்ற பெருமிதத்துக்காக இதை வாங்க வேண்டாம், கொட்டைக்காக வாங்குங்கள்.

கொலோசல் என்பது மேற்கே, கலிஃபோர்னியாவில் உருவான ஐரோப்பிய–ஜப்பானியக் கலப்பு. பெயருக்கேற்ற பெரிய கொட்டை. மேற்குக் கடற்கரைக்கும் மிச்சிகனின் சில பகுதிகளுக்கும் பொருந்துகிறது. பட்டைக் கருகலுக்கு, அதாவது மேலே சொன்ன அதே பூஞ்சை நோய்க்கு, எளிதில் இரையாகும் என்பதால் கிழக்கில் வைப்பது சூதாட்டம். இதற்கு ஆண் மகரந்தமும் கிடையாது, இன்னொரு வகை துணைக்கு வேண்டும். அந்தத் துணை சீன மரமாக இருந்துவிட்டால் பருப்பு உள்ளேயே கறுத்து அழுகிப்போகும் சிக்கல் வருகிறது. மிச்சிகன் தோட்டக்காரர்கள் இதை நஷ்டப்பட்டுத் தெரிந்துகொண்டார்கள். பக்கத்து வீட்டில் சீனச் செஸ்நட் இருந்தால் உங்கள் கொலோசலுக்கும் அதே கதிதான்.

கடையில் விற்கும் இறக்குமதிக் கொட்டையை மண்ணில் புதைத்து முளைக்க வைப்பவர்களும் இருக்கிறார்கள். இத்தாலியக் கொட்டை என்றால் வருவது ஐரோப்பியச் செஸ்நட், நோய் தாங்காது. ஊருக்குப் போய்விட்டு வரும்போது பையில் கன்றோ கொட்டையோ கொண்டுவந்து நடுவது இன்னும் மோசம். 1876இல் சட்டம் இல்லை, இன்று இருக்கிறது.

சுத்த அமெரிக்கச் செஸ்நட்டே வேண்டும் என்றால்? நடலாம், தெரிந்து நடுங்கள். பத்துப் பதினைந்து ஆண்டு நின்று, பூத்து, கொஞ்சம் காய்த்து, பிறகு போகும். அதற்கும் பயன் உண்டு. 1983இல் தொடங்கிய அமெரிக்கச் செஸ்நட் அறக்கட்டளை போன்ற அமைப்புகளுக்கு உயிரோடு பூக்கும் மரங்களின் மகரந்தம் தேவை. சீன மரத்தோடு கலந்து, மறுபடி மறுபடி அமெரிக்க மரத்தோடு சேர்த்து, பதினாறில் பதினைந்து பங்கு அமெரிக்க மரமாக, நோய் எதிர்ப்பு மட்டும் சீனமாக ஆக்கும் திட்டம் அவர்களுடையது. எதிர்ப்பு இரண்டு மூன்று மரபணுவில் அடங்கியிருக்கும் என்று நம்பித் தொடங்கினார்கள். அது பல மரபணுக்களில் சிதறிக் கிடக்கிறது என்று பின்னால் தெரிந்தது. அதனால் பலன் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை.

நியூயார்க் மாநிலம் சிராக்யூஸில், மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்களான வில்லியம் பவலும் சார்லஸ் மேனார்டும் வேறு பாதையில் போனார்கள். கோதுமையிலிருந்து ஒரு மரபணு, பூஞ்சையின் ஆக்சாலிக் அமிலத்தைச் சிதைக்கும் நொதியைத் தருவது, அதைச் செஸ்நட்டில் வைத்தார்கள். டார்லிங் 58 என்ற அந்த மரத்துக்கு அனுமதி கேட்டு மனுவும் போட்டாயிற்று. 2023 நவம்பரில் பவல் இறந்தார். அடுத்த மாதமே, சோதனையில் இருந்தது டார்லிங் 58 அல்ல, பெயர் மாறிப்போன டார்லிங் 54 என்பது வெளியே வந்தது. வளர்ச்சியும் திருப்தியாக இல்லை என்று சொல்லி அறக்கட்டளை ஆதரவை விலக்கிக்கொண்டது. பல்கலைக்கழகம் வேலையை நிறுத்தவில்லை. எந்தக் கன்று எது என்பதில் ஆய்வுக்கூடமே தடுமாறும்போது, நாற்றுப்பண்ணைச் சீட்டை நாம் இரண்டு முறை படிப்பதில் தப்பில்லை.

நடவு

ஒரு மரம் போதாது. செஸ்நட் தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. வேறு விதையில் பிறந்த இரண்டாவது மரம் 60 மீட்டருக்குள் வேண்டும். ஒரே ஒட்டு வகையில் இரண்டு வாங்கினால் அது ஒரே மரம்தான், காய்க்காது. இரண்டுக்கும் நடுவே 9 முதல் 12 மீட்டர் விட வேண்டும். இவ்வளவு இடம் இல்லாத சிறு கொல்லைக்கு இந்த மரம் சரிவராது. வேலிக்கு அந்தப் பக்கம் ஏற்கெனவே ஒன்று இருந்தால் அதிர்ஷ்டம்.

மண்தான் அடுத்த தடை. அமில மண் வேண்டும், பி.எச். 5 முதல் 6.5 வரை. சுண்ணாம்பு கலந்த மண்ணில் இலை மஞ்சளாகி மரம் நலியும். புல்தரைக்குச் சுண்ணாம்பு தூவும் பழக்கம் உள்ள வீடுகளில் இதைப் பார்க்கலாம். தண்ணீர் தேங்கும் களிமண் அதைவிட ஆபத்து. ஃபைட்டோஃப்தோரா சின்னமோமி என்ற வேரழுகல் அங்கே காத்திருக்கும். பட்டைக் கருகல் வருவதற்கு முன்பே, 19ஆம் நூற்றாண்டில், தென் மாநிலங்களின் தாழ்நிலச் செஸ்நட்டுகளை அழித்தது அதுதான். அது வேரையே தின்பதால் மறுபடி தளிர்க்கும் பேச்சே இல்லை. குழி தோண்டி, வாளி நிறைய நீர் ஊற்றுங்கள். மறுநாளும் நீர் நின்றால் வேறு இடம் பாருங்கள். மேடான சரிவு, முழு வெயில், மணல் கலந்த மண், வெஸ்ட் சேலத்தில் இருந்ததும் இதுதான்.

விதையிலிருந்து தொடங்குவதானால் கொட்டையைக் காயவிடக் கூடாது. பாதியளவு நீர்தான் அதில், காய்ந்தால் செத்துவிடும். ஈரமான கரித்தழை மண்ணில் (பீட்) பொதித்துக் குளிர்பெட்டியில் 1 முதல் 4 டிகிரியில் 60 முதல் 90 நாள் வைத்தால் உறக்கம் கலையும். வசந்தத்தில் வேர்முனை கீழ்நோக்க, ஓரங்குல ஆழத்தில் ஊன்றி, உடனே கம்பிவலையால் மூடுங்கள். மூடாவிட்டால் மறுநாள் காலை அணில் எடுத்திருக்கும். ஆணிவேர் ஆழமாக இறங்கும் மரம் என்பதால், இடம் மாற்றுவதை முதல் ஆண்டிலேயே முடித்துவிட வேண்டும்.

கன்றுக்கு முதல் ஆண்டு உரம் வேண்டாம், நீர் போதும். கோடை முடிவில் தழைச்சத்து கொடுத்தால் இளந்தளிர் கிளம்பிக் குளிரில் கருகும். மூடாக்கு போடுங்கள், தண்டைத் தொடாமல். மான் வரும் பகுதியானால் கம்பிக்கூண்டு கட்டாயம். இன்னொரு எச்சரிக்கை: நைலான் கயிறு சுழலும் புல்வெட்டியை அடித்தூர்ப் பக்கம் கொண்டு போகவே போகாதீர்கள். பூஞ்சைக்குக் காயம் வேண்டும் என்றேனே, புறநகர் வீடுகளில் அதைச் செய்து கொடுப்பது பெரும்பாலும் அந்தக் கருவிதான்.

பாதையோரத்திலும் கார் நிறுத்தும் இடத்திலும் வைக்காதீர்கள். முள்ளுறை விழுந்து கிடக்கும் இடத்தில் செருப்பில்லாமல் நடக்க முடியாது. ஜூன் மாதப் பூவின் வாசனையும் எல்லாருக்கும் பிடிப்பதில்லை. ஜன்னலுக்கு நேரே வைத்தவர்களைக் கேளுங்கள்.

காய்த்த பிறகு

செப்டம்பர், அக்டோபரில் முள்ளுறை தானே வெடித்துக் கொட்டை உதிரும். தினமும் பொறுக்க வேண்டும், இல்லையென்றால் அணிலும் மானும் முந்திக்கொள்ளும். கூன்வண்டு கொட்டைக்குள் முட்டையிட்டிருக்கும். 49 டிகிரி வெந்நீரில் 20 நிமிடம் வைத்தால் முட்டையும் புழுவும் சாகும். மிதப்பவற்றை எடுத்தெறியலாம். துடைத்து, குளிர்பெட்டியில் வைக்கும் முன் சில நாள் வெளியில் வைத்தால் மாவுச்சத்து இனிப்பாக மாறும். மற்ற பருப்புகளைப் போல இதில் அதிக எண்ணெய் இல்லை, வேகவைத்தால் சர்க்கரைவள்ளிக் கிழங்கின் சாயல். தோலில் கத்தியால் கீறாமல் அடுப்பில் போட்டால் வெடிக்கும்.

பூங்காவிலும் தெருவோரத்திலும் உதிர்ந்து கிடக்கும் குதிரைச் செஸ்நட்டைத் தவறிக்கூட வாயில் வைக்க வேண்டாம். அது வேறு குடும்பம், நஞ்சு. உண்ணும் செஸ்நட் கொட்டைக்கு நுனியில் சிறு குஞ்சம் இருக்கும், அதன் முள்ளுறையில் ஊசிமுள் நெருக்கமாக இருக்கும். குதிரைச் செஸ்நட்டின் கொட்டை வழவழப்பு, நுனி இல்லை, உறையில் முள் எண்ணிச் சொல்லும் அளவுக்குத்தான்.

1974இல் ஜார்ஜியாவில் வந்திறங்கிய சிறு குளவி ஒன்றும் பரவிக்கொண்டிருக்கிறது. மொட்டில் முட்டையிட்டு, தளிரைக் கழலையாக்கிவிடும். அதுவும் ஆசியாவிலிருந்துதான் வந்தது.

புண் தெரிந்துவிட்டால்

மரம் சீனமோ அமெரிக்கமோ, ஒரு நாள் பட்டையில் ஆரஞ்சுப் பொட்டு தெரியலாம். சிறு கிளையானால் புண்ணுக்கு நன்றாகக் கீழே வெட்டி, அந்தக் கிளையைக் குப்பைக் குவியலில் போடாமல் எரித்துவிடுங்கள் அல்லது புதைத்துவிடுங்கள். செத்த கிளையிலும் பூஞ்சை வித்து உண்டாக்கும். கத்தியைச் சாராயத்தால் துடைத்த பிறகே அடுத்த வெட்டு.

தண்டிலேயே புண் என்றால் வெட்ட முடியாது. அதற்கு மண் கட்டு உண்டு. அதே மரத்தின் அடியிலிருந்து ஈரமண் எடுத்து, பிசைந்து, புண்ணின் மேலும் அதன் ஓரங்களைத் தாண்டியும் தடிமனாக அப்பி, பிளாஸ்டிக் தாளால் சுற்றி இறுக்கிக் கட்டுவது. வேரைக் காப்பாற்றும் அதே மண் நுண்ணுயிர்கள் இங்கேயும் பூஞ்சையை அடக்குகின்றன. ஒரு வளர்பருவம் விட்டுப் பிரித்தால் புண்ணின் விளிம்பில் புதுப்பட்டை உருண்டு கட்டியிருக்கும். கட்டிய புண்ணுக்கு மட்டுமே இது மருந்து. மேலே பத்தடி உயரத்தில் அடுத்த புண் வந்தால் ஏணியும் மண்ணும் எடுத்துக்கொண்டு ஏற வேண்டும். பெரிய மரத்துக்கு அது ஆகாது, கொல்லையில் நிற்கும் இரண்டு இளமரங்களுக்கு ஆகும்.